ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை வேணுமா? கோர்ஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதுங்க



பத்து மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் சாப்பிட்டு எல்லாரும் ஹால்ல உட்கார்ந்து பேசிட்டிருந்தாங்க. என் சித்தி பையன் மட்டும் என்னைத் தனியா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். வயசு 28. பெருங்குடியில ஒரு ஐடி கம்பெனி, சப்போர்ட் டீம், அஞ்சு வருஷ அனுபவம்.

"அண்ணா, ஒரு லோன் எடுத்திருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

எதுக்குன்னு கேட்டேன். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கோர்ஸுக்காம். கணக்கை வாங்கிப் பார்த்தேன். கோர்ஸ் கட்டணம் 1,20,000 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, 21,600. ஆக மொத்தம் 1,41,600. அதை 14% வட்டியில 24 மாச பர்சனல் லோனா எடுத்திருக்கான். மாசம் சுமார் 6,800 ரூபாய் இஎம்ஐ. லோன் முடியறப்போ கையை விட்டுப் போற பணம் சுமார் 1,63,000.

நாலு தவணை கட்டியாச்சு. கோர்ஸும் முடிஞ்சாச்சு. ஆறு இன்டர்வியூ போயிருக்கான். ஆறுலயும் "சொல்லி அனுப்பறோம்" தான். வேலை வாங்கித் தர்றோம்னு சொன்னாங்களேன்னு கேட்டா, ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருந்தது வேலைவாய்ப்பு "உதவி" மட்டும்தான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ பண்ணின ஒரு ப்ராஜெக்டைப் பத்திச் சொல்லுடா."

தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, நிறைவுன்னு மடமடன்னு ஒப்பிச்சான்.

"அது புஸ்தகம். நீ பண்ணினதைச் சொல்லு."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் சப்போர்ட்ல இருக்கேன் அண்ணா. ப்ராஜெக்ட்னு எதுவும் பண்ணலையே" ன்னான்.

அவன் சொன்னது தப்பு. அது எப்படித் தப்புன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு அந்த மாடியில ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல நாங்க பண்ணினதைத்தான் இந்தப் பதிவுல உங்களுக்குச் சொல்லப் போறேன். இதுக்குப் பைசா செலவு கிடையாது.

எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க எதைத் தேடறாங்க?

சொந்தமா ப்ராக்டிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் சில வருஷம் ஒரு கம்பெனியோட ஃபைனான்ஸ் டீம்ல இருந்தேன். ப்ராஜெக்ட் மேனேஜர் இன்டர்வியூன்னா பேனல்ல ஃபைனான்ஸ் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் உட்காரணும். பல தடவை அது நான்தான்.

டெக்னிக்கல் கேள்வியெல்லாம் மத்தவங்க கேட்டு முடிச்சதும் நான் மூணே மூணு கேள்வி கேட்பேன். உங்க ப்ராஜெக்டோட பட்ஜெட் எவ்வளவு? கடைசியில எவ்வளவு செலவாச்சு? அந்த வித்தியாசம் எதனால வந்துச்சு?

பத்து வருஷ அனுபவம் இருக்கிறவங்க கூட இங்க தடுமாறுவாங்க. "பட்ஜெட்டை மேனேஜர் பார்த்துப்பார்", "அது ஃபைனான்ஸ் வேலை சார்" ன்னு பதில் வரும்.

ஒரு விஷயத்தைத் தெளிவா புரிஞ்சுக்கோங்க. ப்ராஜெக்ட் மேனேஜர்ங்கறவர் அடுத்தவங்க பணத்தை, அடுத்தவங்க உழைப்பை வச்சு, ஒரு தேதிக்குள்ள ஒரு வேலையை முடிச்சுத் தர ஒத்துக்கிறவர். அந்தப் பொறுப்பை இவர்கிட்ட கொடுக்கலாமான்னுதான் பேனல் யோசிக்குது. நம்ம வீடு கட்ட மேஸ்திரி தேடறப்போ என்ன கேட்போம்? இதுக்கு முன்னாடி எங்க கட்டினீங்க, எவ்வளவு ஆச்சு, சொன்ன நாள்ல முடிச்சீங்களா, பாதியில மழை வந்தப்போ என்ன பண்ணினீங்கன்னுதான் கேட்போம். இங்கயும் அதே கேள்விகள்தான்.

சர்ட்டிஃபிகேட் உங்க ரெஸ்யூமை மத்த ரெஸ்யூம்களோட குவியல்லேர்ந்து மேல எடுத்து வைக்கலாம். ஆனா வேலையை வாங்கித் தர்றது நீங்க முடிச்ச ஒரு வேலையை எண்களோட, உண்மையா, சொந்த வார்த்தையில சொல்ற திறமை. அந்த இடத்துலதான் பெரும்பாலானவங்க கோட்டை விடறாங்க. அதனால அங்கதான் நீங்க தனியா தெரிய முடியும்.

உங்ககிட்ட ஏற்கனவே ஒரு ப்ராஜெக்ட் இருக்கு

விசிட்டிங் கார்டுல "மேனேஜர்" ன்னு இருந்தாத்தான் ப்ராஜெக்ட் பண்ணினதா அர்த்தம்னு நினைக்காதீங்க. ஒரு வேலைக்கு ஆரம்ப தேதி, முடிவு தேதி, முடிஞ்சதும் கையில நிக்கற ஒரு விளைவு, இந்த மூணும் இருந்தா அது ப்ராஜெக்ட். தினமும் வர்ற டிக்கெட்டை முடிக்கிறது ப்ராஜெக்ட் இல்லை. அந்த டிக்கெட்டெல்லாம் இருக்கிற டூலையே மாத்தறது ப்ராஜெக்ட்.

கடந்த மூணு வருஷத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அக்கவுன்ட்ஸ் டீமா? டேலியிலேர்ந்து வேற சாஃப்ட்வேருக்கு மாறினப்போ நீங்க இருந்திருப்பீங்க. எச்ஆரா? ஒரே மாசத்துல நாப்பது பேரைச் சேர்த்து சிஸ்டம், ஐடி கார்டு, பயிற்சின்னு எல்லாத்தையும் ஒருங்கிணைச்சிருப்பீங்க. ஃபேக்டரியா? புது மெஷின் வந்து இறங்கினதுலேர்ந்து உற்பத்தி ஆரம்பிக்கிற வரைக்கும் பின்னாடியே அலைஞ்சிருப்பீங்க. ஆபீஸை ஒரு பில்டிங்லேர்ந்து இன்னொரு பில்டிங்குக்கு மாத்தினதும் ப்ராஜெக்ட்தான்.

என் தம்பி விஷயத்துல என்ன வந்துச்சு தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க டீம் பழைய டிக்கெட்டிங் டூலை விட்டுட்டுப் புது டூலுக்கு மாறியிருக்கு. மேனேஜர் வேற வேலையில பிஸி. மூணு குழு, அறுபது பேரு, பதினோரு வாரம். யார் என்னைக்கு மாறணும்னு எக்ஸெல் போட்டது, பயிற்சி கொடுத்தது, சனிக்கிழமை உட்கார்ந்து டேட்டாவைச் சரி பார்த்தது எல்லாம் இவன்.

"ஏன்டா பதினோரு வாரம்? யார் வச்ச கெடு?"

"பழைய டூலோட லைசென்ஸ் அந்தத் தேதியில முடியுது அண்ணா. அதுக்குள்ள மாறலைன்னா இன்னொரு வருஷத்துக்குப் பணம் கட்டணும்."

"எவ்வளவு பணம்?"

"தெரியல அண்ணா. நான் கேட்கவே இல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. கம்பெனிக்கு ஒரு வருஷ லைசென்ஸ் செலவை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கான். அதைப் பத்தி ஆறு இன்டர்வியூலயும் ஒரு வார்த்தை கூடப் பேசலை. ஏன்னா தான் பண்ணின வேலையோட விலை அவனுக்கே தெரியாது. அடுத்த வாரம் ஆபீஸ்ல பர்ச்சேஸ் டீம்ல கேட்டான். 18 லட்சம்!

உங்க வேலைக்குப் பின்னாடியும் இப்படி ஒரு தொகை இருக்கு. அது மிச்சம் பிடிச்ச பணமா இருக்கலாம், தவிர்த்த அபராதமா இருக்கலாம், சீக்கிரம் வசூலான பில்லா இருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிங்க. தெரியலைன்னா கேளுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஒரு பக்கம், ஆறு கேள்வி

இப்போ ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கோங்க. அந்த ப்ராஜெக்டைப் பத்தி ஆறு கேள்விக்குப் பதில் எழுதுங்க.

1. என்ன வேலை? யாருக்காக?
2. எவ்வளவு பணம், எத்தனை பேரு, எத்தனை நாள்?
3. முடிக்கலைன்னா என்ன நஷ்டம்?
4. நடுவுல என்ன கெட்டுப் போச்சு?
5. அப்போ நீங்க என்ன முடிவெடுத்தீங்க? யார்கிட்ட ஒப்புதல் வாங்கினீங்க?
6. கடைசியில என்ன ஆச்சு? எண்ணிக்கையில சொல்லுங்க.

நாலாவதும் அஞ்சாவதும்தான் இதுல உயிர். எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்ற கதையில உங்களோட பங்கு எங்க இருக்குன்னு பேனலுக்குத் தெரியாது. எங்க சிக்கல் வந்துச்சோ அங்கதான் உங்க முடிவு தெரியும்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்ச புயல், பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைச்சது. அதைச் சரி பண்ற பொறுப்பு இ.ஸ்ரீதரன்கிட்ட வந்துச்சு. பின்னாள்ல கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கினவர். அப்போ அவருக்கு வயசு 32. ரயில்வே வச்ச கெடு ஆறு மாசம். மேலதிகாரி அதை மூணு மாசமா குறைச்சார். முடிஞ்சது 46 நாள்ல.

இதுல "46 நாள்" ங்கறது தலைப்பு மட்டும்தான். எப்படி முடிஞ்சதுங்கறதுல விஷயம் இருக்கு. புதுசா கர்டர் செஞ்சு வரணும்னு காத்திருந்தா மாசக்கணக்குல ஆகும். பழைய கர்டர்கள் கடலுக்கு அடியில கிடக்குன்னு தெரிஞ்சதும், அதையே மேல தூக்கித் திரும்பப் பொருத்தலாம்னு முடிவு பண்ணினாங்க. சிக்கல், முடிவு, விளைவு. மூணே வரியில மொத்தக் கதையும் வந்துடுச்சு பார்த்தீங்களா? உங்க ப்ராஜெக்ட் பாம்பன் பாலம் அளவுக்குப் பெரிசா இருக்க வேண்டியதில்லை. சொல்ற வரிசை இதுவா இருந்தா போதும்.

என் தம்பியோட தாள்ல நாலாவது கேள்விக்கு வந்த பதில் இது. ஏழாவது வாரத்துல பழைய டிக்கெட்டோட இணைப்புக் கோப்புகள் புது டூலுக்கு மாறவே மாட்டேங்குது. அஞ்சாவது கேள்விக்குப் பதில்: முடியாத டிக்கெட்டுகளை மட்டும் முதல்ல மாத்தலாம், முடிஞ்சு போன டிக்கெட்டுகளைத் தனியா படிக்க மட்டும் முடியற மாதிரி சேமிச்சு வைக்கலாம்னு இவனே யோசிச்சு, மூணு குழுத் தலைவர்கிட்டயும் மெயில்ல ஒப்புதல் வாங்கியிருக்கான். லைசென்ஸ் முடியறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி வேலை முடிஞ்சிருக்கு.

ரெஸ்யூம்ல இது எப்படி இருந்துச்சு தெரியுமா?

முன்னாடி: "டிக்கெட்டிங் டூல் மாற்றத்தில் குழுவுக்கு உதவினேன்."

மாத்தினது: "3 குழுக்கள், 60 பயனர்கள், 11 வாரக் கெடுவுடன் டிக்கெட்டிங் டூல் மாற்றத்தை ஒருங்கிணைத்தேன். டேட்டா சிக்கலால் பணி நின்றபோது வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து, லைசென்ஸ் காலாவதிக்கு 9 நாள் முன்பே முடித்தேன். ஓராண்டுப் புதுப்பிப்புச் செலவு தவிர்க்கப்பட்டது."

நீங்க இங்கிலீஷ்ல எழுதிக்கோங்க. ஆனா ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. ஒண்ணு, ஒருங்கிணைச்சீங்கன்னா ஒருங்கிணைச்சேன்னே எழுதுங்க, தலைமை தாங்கினேன்னு எழுதாதீங்க. அடுத்தடுத்து மூணு கேள்வி கேட்டா தெரிஞ்சுடும். அப்புறம், கம்பெனியோட ரகசிய எண்களை வெளியில சொல்லாதீங்க. அதனாலதான் 18 லட்சம்ங்கறதை அவன் ரெஸ்யூம்ல போடலை. சதவீதமா சொல்லலாம், இல்லைன்னா "ஓராண்டுச் செலவு" ன்னு பொதுவா சொல்லலாம். இன்னொரு கம்பெனியோட ரகசியத்தை இங்க கொட்டறவங்க நாளைக்கு நம்ம ரகசியத்தையும் கொட்டுவாங்கன்னு பேனல் நினைக்கும்.

இந்த ஒரு கணக்கைக் கத்துக்கோங்க

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். இந்தக் கணக்கைத் தெளிவா சொல்லத் தெரிஞ்சவங்களை நான் இன்டர்வியூல ரொம்பக் குறைவாத்தான் பார்த்திருக்கேன்.

உங்க அப்பா வீட்டுக்கு மேல மாடி கட்டறார்னு வச்சுக்கோங்க. பட்ஜெட் 20 லட்சம். பத்து மாசம். மாசா மாசம் ஒரே அளவு வேலை நடக்கணும். நாலு மாசம் முடிஞ்சது. திட்டப்படி 40% வேலை முடிஞ்சிருக்கணும், 8 லட்சம் செலவாகியிருக்கணும். அப்பா நோட்டைப் பார்க்கிறார். செலவானது 7.5 லட்சம்தான். "பரவாயில்லையே, 50,000 மிச்சம்" ன்னு சந்தோஷப்படறார்.

உண்மையிலேயே மிச்சமா?

மாடிக்குப் போய்ப் பார்த்தா 30% வேலைதான் முடிஞ்சிருக்கு. 20 லட்சத்துல 30%ன்னா 6 லட்சம். அதாவது 6 லட்ச ரூபாய் வேலைக்கு 7.5 லட்சம் கொடுத்திருக்கோம். இப்போ ரெண்டு வகுத்தல் கணக்கு போடுங்க.

முடிஞ்ச வேலையோட மதிப்பை செலவால வகுத்தா, 6 ÷ 7.5 = 0.8. நாம போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 பைசா வேலைதான் நடந்திருக்கு.

முடிஞ்ச வேலையோட மதிப்பைத் திட்டமிட்ட வேலையால வகுத்தா, 6 ÷ 8 = 0.75. நாலு மாசத்துல நடக்க வேண்டிய வேலையில முக்கால் பங்குதான் நடந்திருக்கு.

இதே வேகத்துல போனா மொத்தச் செலவு என்ன ஆகும்? 20 ÷ 0.8 = 25 லட்சம். மிச்சம்னு நினைச்ச இடத்துல அஞ்சு லட்சம் துண்டு விழப் போகுது.

இதுக்குப் பேரு ஏர்ன்டு வேல்யூ. முதல் வகுத்தல் காஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ், ரெண்டாவது ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1960கள்லயே தன்னோட பெரிய திட்டங்களுக்கு இந்த முறையைக் கொண்டு வந்துடுச்சு. ரெண்டுமே ஒண்ணுக்குக் கீழ இருந்தா செலவும் எகிறுது, நாளும் தள்ளிப் போகுதுன்னு அர்த்தம்.

இதுல நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். அந்தக் கம்பெனியில சேர்ந்த புதுசுல ஒரு ப்ராஜெக்ட்டோட மாத ரிப்போர்ட்டை மூணு மாசம் தொடர்ந்து "பட்ஜெட்டுக்குள்ள இருக்கு" ன்னு பச்சை மார்க் போட்டு அனுப்பினேன். செலவு குறைவா இருந்ததுக்குக் காரணம் வேலையே நடக்கலைங்கறதுதான். நாலாவது மாசம் உண்மை தெரிஞ்சப்போ என் கையெழுத்து மூணு ரிப்போர்ட்லயும் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் செலவை மட்டும் தனியா பார்க்கற பழக்கத்தை விட்டேன்.

இந்த மாடிக் கணக்கை ரெண்டு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க. அப்புறம் உங்க சொந்த ப்ராஜெக்டுக்குப் போடுங்க. "பட்ஜெட்டை எப்படிக் கண்காணிப்பீங்க?" ன்னு கேட்டா ரெண்டே நிமிஷத்துல சொல்லலாம்.

"ப்ராஜெக்ட் லேட் ஆகுது. என்ன பண்ணுவீங்க?"

இது கண்டிப்பா வர்ற கேள்வி. "டீமை உற்சாகப்படுத்துவேன், வீக்எண்ட்ல வேலை பார்க்க வைப்பேன்" ங்கறது எல்லாரும் சொல்ற பதில். "இன்னும் ரெண்டு பேரை எடுப்பேன்" ங்கறது அதை விட ஆபத்து. லேட்டான சாஃப்ட்வேர் ப்ராஜெக்டுல புது ஆளைச் சேர்த்தா அது இன்னும் லேட் ஆகும்னு ஃப்ரெட் பிரூக்ஸ் 1975லயே எழுதிட்டார். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கறதுக்கே பழைய ஆளோட நேரம் போயிடும்.

நல்ல பதில் இப்படி இருக்கும். முதல்ல எவ்வளவு லேட், எதனால லேட்னு எண்ணிக்கையில கண்டுபிடிப்பேன். அப்புறம் மூணு வழியை விலையோட எழுதுவேன். வேலையோட அளவைக் குறைச்சா எதை விட்டுக் கொடுக்கணும்? தேதியைத் தள்ளினா எவ்வளவு நஷ்டம்? பணம் கூடப் போட்டா எவ்வளவு, அது உண்மையிலேயே உதவுமா? இதுல எது சரின்னு என் பரிந்துரையைச் சொல்லி, பணம் போடறவரோட முடிவைக் கேட்பேன். முக்கியமா, கெட்ட செய்தியைத் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லுவேன்.

அந்தக் கடைசி வரியைச் சொல்றவங்களைப் பார்த்தா ஃபைனான்ஸ்காரங்களுக்கு ஒரு தனிப் பாசம் வரும்.

அப்போ சர்ட்டிஃபிகேட் வேண்டவே வேண்டாமா?

வேணும். ஆனா எது, எப்போ, எவ்வளவுக்குங்கறதுலதான் விஷயம் இருக்கு.

பிஎம்பி: 1969ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச பிஎம்ஐ அமைப்பு நடத்தறது. நாலு வருஷ டிகிரி இருந்தா, ப்ராஜெக்ட்களை நடத்தின 36 மாச அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறாங்க. விண்ணப்பங்கள்ல சிலதை எடுத்து ஆடிட் பண்ணுவாங்க. அதனால அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீங்க. வாங்கினதோட முடியறதில்லை. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 60 பாயின்ட் சேர்த்துப் புதுப்பிக்கணும்.

கேப்பம்: இதுவும் பிஎம்ஐயோடதுதான். அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். ஆரம்ப நிலையில இருக்கிறவங்களுக்கு இது பொருந்தும்.

பிஎஸ்எம் 1: ஸ்க்ரம் முறையில வேலை நடக்கிற சாஃப்ட்வேர் டீம்கள்ல இருக்கிறவங்களுக்கு. கட்டாயப் பயிற்சி வகுப்பு கிடையாது. ஸ்க்ரம் கைடு இணையத்துல இலவசம். 60 நிமிஷத்துல 80 கேள்வி, 85% எடுத்தா பாஸ். காலாவதியும் ஆகாது. இதே மாதிரி இருக்கிற சிஎஸ்எம்முக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேணும்.

இப்போ பணக் கணக்கு. பிஎம்பிக்கு வேண்டிய அந்த 35 மணி நேரத்தை ஒரு லட்சம் கொடுத்துத்தான் முடிக்கணும்னு எந்த விதியும் இல்லை. கடைசியில தேர்வு வைக்கிற ஆன்லைன் வகுப்பும் செல்லும். பரீட்சைக் கட்டணத்தை டாலர்ல கட்டினா கார்டுக்காரங்க மார்க்கப்பும், அந்த மார்க்கப் மேல ஜிஎஸ்டியும் சேர்ப்பாங்க. அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. பயிற்சிக் கட்டணத்துல போற 18% ஜிஎஸ்டியை வியாபாரிகள் மாதிரி நாம கிரெடிட் எடுக்க முடியாது. சம்பளக்காரங்களுக்கு அது முழுச் செலவு. கட்டணமும் விதிகளும் மாறிட்டே இருக்கும். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தந்த அமைப்போட சொந்த வெப்சைட்டுல ஒரு தடவை பார்த்துடுங்க.

நான் சொல்ற வரிசை இதுதான். உங்களுக்குப் பிடிச்ச 20 வேலை விளம்பரங்களை எடுத்து, எத்தனைல சர்ட்டிஃபிகேட் "கட்டாயம்" னு இருக்குன்னு எண்ணுங்க. ரெண்டு மூணுல மட்டும் இருந்தா இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. பாதிக்கு மேல இருந்தா, முதல்ல உங்க கம்பெனி பணம் தருமான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. தந்தா, எத்தனை மாசம் வேலை பார்க்கணும்னு பாண்ட் இருக்கான்னு படிச்சுப் பாருங்க. தரலைன்னா சேமிச்சுக் கட்டுங்க. லோன் போட்டுக் கட்டாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டும் கட்டாதீங்க.

இருக்கிற கம்பெனியிலயே கதவு இருக்கு

வெளியில ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்குப் போனா "முன்னாடி பண்ணியிருக்கீங்களா?" ன்னு கேட்பாங்க. உள்ளேயே முயற்சி பண்ணினா உங்களை ஏற்கனவே தெரியும். அதனால முதல் வாய்ப்பு உள்ளே கிடைக்கிறது சுலபம்.

மேனேஜர்கிட்ட போய் "எனக்குப் ப்ரமோஷன் கொடுங்க" ன்னு கேட்காதீங்க. "சார், அடுத்து வர்ற மாற்றத்துல ரிஸ்க் லிஸ்ட்டையும் வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டையும் நான் பார்த்துக்கட்டுமா?" ன்னு கேளுங்க. யாருக்கும் பிடிக்காத வேலை அது. யாரும் போட்டிக்கு வர மாட்டாங்க. ஆனா அந்த லிஸ்ட் யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் மொத்த ப்ராஜெக்டும் தெரியும். மூணு மாசம் அதைப் பண்ணினாலே உங்க ஒரு பக்கத் தாள் ரெண்டு பக்கம் ஆயிடும்.

ஆஃபர் வந்த பிறகு

சுருக்கமா மூணு விஷயம்.

மேனேஜர் நிலைக்குப் போகப் போக வேரியபிள் பே அதிகமாகும். 12 லட்சம் முழுக்க ஃபிக்ஸட் ஒரு ஆஃபர். 13.5 லட்சத்துல 20% வேரியபிள் இன்னொரு ஆஃபர். ரெண்டாவதுல உறுதியான பணம் 10.8 லட்சம்தான். வேரியபிள் பாதி வந்தா 12.15 லட்சம். வரவே இல்லைன்னா முதல் ஆஃபரை விட 1.2 லட்சம் குறைவு. "போன ரெண்டு வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?" ன்னு தைரியமா கேளுங்க.

நோட்டீஸ் பீரியடை முழுசா முடிக்காம வந்தா சம்பளத்துல பிடிப்பாங்க. அந்தப் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு சிபிஐசி 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில தெளிவா சொல்லிடுச்சு. யாராவது ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டா இதைக் காட்டுங்க.

வருஷத்துக்கு நடுவுல மாறினா பழைய கம்பெனிச் சம்பளத்தைப் புது கம்பெனியில சொல்லிடுங்க. சொல்லலைன்னா ரெண்டு பேரும் தனித்தனியா ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், ஸ்லாப் எல்லாம் கொடுத்துடுவாங்க. ரிட்டர்ன் போடறப்போ பெரிய தொகை கட்ட வேண்டி வரும்.

இந்த மாசம் பண்ண வேண்டியது

முதல் வாரம்: மூணு வருஷ வேலையைப் புரட்டி ஒரு ப்ராஜெக்டைத் தேர்ந்தெடுங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற பணத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

ரெண்டாவது வாரம்: ஆறு கேள்விக்குப் பதில் எழுதி, ரெஸ்யூம்ல மூணு வரியா மாத்துங்க.

மூணாவது வாரம்: மாடிக் கணக்கை உங்க ப்ராஜெக்டுக்குப் போட்டுப் பாருங்க. ஐடி தெரியாத ஒருத்தர்கிட்ட, அம்மாவோ நண்பரோ யாரா இருந்தாலும் சரி, மூணு நிமிஷத்துல அந்தக் கதையைச் சொல்லுங்க. அவங்களுக்குப் புரிஞ்சா பேனலுக்கும் புரியும்.

நாலாவது வாரம்: 20 விளம்பரங்களை எண்ணுங்க. மேனேஜர்கிட்ட அந்த ரிஸ்க் லிஸ்ட்டைக் கேளுங்க.

என் தம்பி என்ன ஆனான்னு கேட்பீங்க. எட்டாவது இன்டர்வியூல வேலை கிடைச்சது. ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லை, ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர். சம்பளம் 22% கூட. அந்த பேனல் அரை மணி நேரம் கேட்டது முழுக்க அந்த டிக்கெட்டிங் டூல் கதையைத்தானாம். கோர்ஸைப் பத்தி ஒரே ஒரு கேள்வி, அதுவும் எங்க படிச்சீங்கன்னு மட்டும். கோர்ஸ் மொத்தமா வீண்னு நான் சொல்ல மாட்டேன். அந்தத் துறையோட வார்த்தைகளை அவனுக்குக் கத்துக் கொடுத்தது அதுதான். ஆனா அதை விட ரொம்பக் கம்மி செலவுல கத்துக்கிட்டிருக்கலாம்.

லோன்ல இன்னும் பத்து தவணை பாக்கி. போன மாசம்தான் சித்திகிட்ட உண்மையைச் சொன்னான். திட்டினாங்களாம். அப்புறம், "அந்த ஒரு பக்கத்தை முதல்லயே எழுதியிருக்கலாமேடா" ன்னாங்களாம்.

நீங்க இன்னைக்கு ராத்திரியே எழுத ஆரம்பிங்க. மாடிக் கணக்கை எக்ஸெல்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல காட்டறேன். உங்க ப்ராஜெக்டுக்குப் பின்னாடி இருந்த தொகை என்னன்னு கண்டுபிடிச்சீங்கன்னா, கம்பெனி பேரைச் சொல்லாம, எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!